குணம் என்று எழுதாத கை

தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் வைகுண்டராஜன் அவர்களே, மலையிலிருந்து பஸ் பிடித்து நாகர்கோவில் வந்து சேர்ந்திருக்கும் ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுத் தோழர்களே, தாய்மார்களே!

நம் நர்ஸ் தேவகனி அம்மையார் மறைந்து பத்து நாள் ஆகிறது. சளிக்காய்ச்சலில் போனார் என்று தோட்டத்து மானேஜர் எழுதி அனுப்பிவிட்டார். சளிக்காய்ச்சலா? ஏழு ஆண்டு அவரோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக நின்றவன் இந்தத் ததேயுஸ். எனக்குத் தெரியாதா?

மூன்று கோடையாக நம் மலையில் உண்ணி கடித்தவர்களுக்கு ஒரு காய்ச்சல் வருகிறது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவுக்கு அது மசியவில்லை. எட்டாம் நாள் தானே இறங்கும். உடனே வேலைக்கு அனுப்பும் சீட்டில் 'குணம்' என்று எழுதுவோம். மறுநாள் ஆள் மரத்தடிக்குப் போவான். பத்தே நாளில் வாயெல்லாம் வெள்ளை படர்ந்து, நெஞ்சில் சளி கட்டித் திரும்பி வருவான். சிலர் பிழைக்கவில்லை. இதைக் கவனித்தவர் யார்? பட்டணத்து டாக்டரா? இல்லை, நம் தேவகனி!

அந்த டாக்டரிடம் அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"காய்ச்சலு ஆளக் கொல்லல்ல டாக்டரே. வேலியப் பிரிச்சுப் போட்டுட்டுப் போவுது. பொறவு எந்த ஆடும் உள்ள வரும்லா?"

டாக்டர் சிரித்தார். அன்றிலிருந்து, காய்ச்சல் இறங்கி மூன்று வாரம் ஆகாமல் ஒரு சீட்டிலும் தேவகனி அந்த வார்த்தையை எழுதவில்லை. மானேஜர் மிரட்டினார். குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார். அசைந்தாரா அவர்?

சென்ற மாதம் அவரையே உண்ணி கடித்தது. அவர் படுத்ததும் மானேஜர் சீட்டுகளை என்னிடம் நீட்டினார். தோழர்களே, நான்கு சீட்டில் 'குணம்' என்று எழுதியது இந்தக் கைதான். வேலை போய்விடும் என்று பயந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

தமக்குக் காய்ச்சல் இறங்கிய மூன்றாம் நாளே அவர் எழுந்துவிட்டார். படுங்கள் என்று கெஞ்சினேன்.

"நீரு எழுதிட்டீரு ததேயுஸ். நான் போய்க் கூட்டிட்டு வரண்டாமா?" என்றார்.

கோடைமழையில் இரண்டு மைல் மலையேறி நால்வரையும் அழைத்து வந்தார். நால்வரும் பிழைத்தார்கள். அவர் நெஞ்சில் சளி கட்டியது. பதினோராம் நாள் நம்மை விட்டுப் போனார். இது சளிக்காய்ச்சல் கொன்ற சாவா? ஓய்வு கொடுக்காதவர்கள் கொன்ற சாவு!

அழுதது போதும். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் இன்னும் எட்டுப் பேர் கிடக்கிறார்கள். நாளைக் காலை அவர்களை வேலைக்கு எழுப்ப மானேஜரின் ஆள் வரும். வாசலில் நான் நிற்பேன். நீங்களும் வாருங்கள். மூன்று வாரம் ஆகாமல் ஒருவரையும் அனுப்ப மாட்டோம். பால் வேண்டுமென்றால் மானேஜர் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகட்டும்.