பின்னறை பற்றி அக்காவிடம் விசாரித்தது

மேலே எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது நாற்பத்து நான்கு. பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுப்பது என் தொழில். எனக்கு வீட்டை விற்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மீது நானே கொடுத்த புகார் தொடர்பாக, இன்று காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் உடன்பிறந்த அக்கா, அத்தான் காலமானதிலிருந்து தனியாக இருக்கிறாள். அவள் பக்கத்து வீடு விலைக்கு வந்ததும் தினமும் போன் செய்து, "நடுவுல மதில் ஒண்ணுதான்டி, கூப்பிட்டா கேக்கும்" என்று சொல்லிவந்தாள். நானும் என் கணவரும் போய்ப் பார்த்தோம். வீடு சுமார்தான். ஆனால் பின்னால் ஓர் அறை, நல்ல வெளிச்சம், தண்ணீர்த் தொட்டி, தூசி வெளியேற ஜன்னல். என் வேலைக்கென்றே கட்டியதைப்போல் இருந்தது. அந்த அறைக்காகத்தான் வீட்டை வாங்க முடிவு செய்தேன்.

அதன் பிறகு வக்கீலிடம் பத்திரங்களைக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "பத்திரம் சுத்தம். ஆனா பிளான்ல பின்னறை இல்ல, பிற்பாடு சேர்த்துக் கட்டியிருக்காங்க. அனுமதி வாங்கினாங்களான்னு நகராட்சியில எழுதிக் கேளுங்க. பதில் வராம அட்வான்ஸ் குடுக்காதீங்க" என்றார்.

அதன் பிறகு அக்கா வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "அனுமதி வாங்கித்தான் கட்டினாங்க. அளக்க வந்தவங்களுக்கு நான்தான் குடிக்கத் தண்ணி குடுத்தேன். நீ எழுதிப் போட்டுட்டு உக்காந்திரு, வேற எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. விசாரித்தாகிவிட்டது என்று வக்கீலிடம் சொன்னேன். யாரிடம் என்று கேட்டார். அக்காவிடம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்கள் இஷ்டம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

குடிவந்த பிறகு அரவை மோட்டாரையும் மெருகேற்றும் இயந்திரத்தையும் பின்னறையில் பொருத்தி, தொழிலுக்கான மின் இணைப்புக்கு விண்ணப்பித்தேன். அதைத் தொடர்ந்து நகராட்சியிலிருந்து ஆள் வந்து அளந்தார். அறைக்கு அனுமதி கிடையாது, தெருவின் பொதுக் கழிவுநீர்க் குழாய்க்கு மேலேயே கட்டப்பட்டிருப்பதால் இனி வாங்கவும் முடியாது, இடித்தே ஆகவேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்துதான் இந்தப் புகாரைக் கொடுத்தேன்.

நேற்று ஆய்வாளர் முன்னிலையில் கண்ணாடிக் கடைக்காரரை விசாரித்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "நான் மறைக்கலம்மா. இடிச்சுட்டே விக்கட்டுமான்னு உங்க அக்காகிட்ட கேட்டேன். தங்கச்சிக்கு அந்த ரூமுக்காகத்தான் வீடே பிடிச்சிருக்கு, இடிச்சா வரமாட்டா, நானே பக்குவமா சொல்லிக்கறேன்னாங்க" என்றார். என்னிடம் நேரில் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா என்று கேட்டேன். அவரை யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் எனக்கு யாரோ.

அதன் பிறகு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. அளக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததாகச் சொன்னாயே என்றேன். யாரும் வரவில்லை என்றாள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். "சொல்லியிருந்தா நீ வந்திருப்பியாடி?" என்று கேட்டாள். வெளியே வந்துவிட்டேன்.

வந்திருப்பேன். விலையைக் குறைத்துப் பேசி, வேலைக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டு, அவள் தனியாக இருக்கிறாள் என்பதற்காகவே வந்திருப்பேன். இதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அந்த அறை போனால் என் பிழைப்புப் போகிறது. அதைவிட, இத்தனை நாளும் அவள் என் பின்னறையில் உட்கார்ந்து, இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

கடைக்காரர் மீதான புகார் அப்படியே இருக்கட்டும். அக்காவைச் சாட்சியாகச் சேர்க்கச் சம்மதமா என்று ஆய்வாளர் கேட்டார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'என் உடன்பிறந்த அக்கா' என்று வந்த இடத்தில் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று மாற்றச் சொன்னேன். சாட்சியின் உறவை விட்டுவிட்டு எழுத முடியாது என்று எழுத்தர் சொன்னார். சரி, இருக்கட்டும் என்றேன். அந்தச் சொல் உட்பட, இதில் உள்ளவை எல்லாம் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)