குச்சி நட்ட வழி

எனக்குச் செருப்பு ஒத்துக்கொள்ளாது, சார். ஸ்டேஷனுக்கும் வெறுங்காலோடு வந்ததை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளத்தூர்ப் பக்கம் நெய்யாற்றங்கரைச் சதுப்புக் காட்டில் பத்தொன்பது வருடம் காவல் பார்த்த கால் இது.

அங்கே நிற்கும் காட்டு ஜாதிக்காய் மரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் வேர்கள் முழங்காலை மடக்கியதுபோல மண்ணுக்கு வெளியே எழும்பி நிற்கும். வெள்ளம் நிற்கும் நிலத்தில் மரம் மூச்சுவிடுவது அந்த வேர் வழியாகத்தான். மிதித்தால் தோல் உரிந்து அழுகிவிடும். பாதுகாக்கப்பட்ட காடு என்று போர்டு வைத்தது அரசாங்கம், பாதுகாத்தது நான்.

ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் காலூன்றும் இடம் மாறிவிடும். நான் இறங்கி, தடவிப் பார்த்து, மூங்கில் குச்சி நட்டு வழி காட்டுவேன். அதை நம்பி நடந்த எவனும் அதுவரை சேற்றில் போனதில்லை.

சிபி நல்லவன்தான். அந்த மரங்களை ஆராய்ச்சி செய்யக் கல்லூரியிலிருந்து வந்தவன். பூட்ஸ் காலோடு வேரின்மேல் நின்றே வேரை அளப்பான். வேரை மிதிக்காதே என்று மூன்று முறை சொன்னேன்.

"அண்ணா, பின்ன எங்க சவிட்டதுக்கு? மத்த எடமெல்லாம் சேறாக்கும்" என்று சிரித்தான்.

நியாயமான கேள்வி. அடுத்த வெள்ளம் வடிந்ததும் குச்சிகளை வேரைவிட்டு நாலடி தள்ளி நட்டேன். அங்கே கால் ஊன்றத் தரை கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அவன் என் குச்சியைச் சந்தேகப்பட்டதே இல்லை.

அன்று காலை அணையின் ஷட்டரைத் திறக்கப்போவதாக ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் கூப்பிடும் சத்தம் கேட்டுப் போனபோது இடுப்புவரை புதைந்திருந்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"சத்தியதாஸ் அண்ணா, அந்தக் கயிற இஞ்ச எறியணும்" என்றான். அப்போதும் மரியாதையாகத்தான் பேசினான்.

கயிறு என் தோளில்தான் கிடந்தது. அவனுக்கு எட்டும்படி எறிய வேண்டுமானால் வேரின்மேல் ஏறி நிற்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் நான் அப்படி நின்றதில்லை. அன்றும் நிற்கவில்லை. தண்ணீர் அவனை மூட அரை மணி நேரம் ஆயிற்று.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், சார், மறுக்க மாட்டேன். கூடவே இதையும் எழுத வேண்டும்: ஒரு வேருக்கும் சேதமில்லை.