பள்ளிக்கூடப் பூட்டு

ஆமா டீச்சர், பூட்டை உடைச்சது நான்தான். போன வாரப் பனிப்புயல்லயும் நான்தான், அதுக்கு முந்தின புயல்லயும் நான்தான். ஷெரிப்கிட்டல்லாம் போக வேண்டியதில்ல, அவனுக்கே தெரியும். மொதல்ல அந்த ஜாக்கெட்டக் கழட்டி அடுப்புப் பக்கம் போட்டுட்டு உக்காருங்க. காபி பால் இல்லாமக் குடிப்பீங்கல்ல?

திருடவா? அட போங்க டீச்சர். அங்க என்ன கொட்டிக் கெடக்கு, நாலு பெஞ்சும் ஒரு பூகோள உருண்டையும். எதையாவது தொட்டேனா, சொல்லுங்க.

நீங்க பக்கத்து மாநிலம் நெப்ராஸ்காலேருந்து வந்தவங்களாமே. அங்க வாங்குன டீச்சர் லைசன்ஸ வச்சே இங்க சேத்துக்கிட்டாங்களா? ஒரு பரீட்சைகூட இல்லாமயா? ம்... போன வருஷம்தான சட்டத்த மாத்துனாங்க. நல்லது. நெஜமாத்தான் சொல்றேன், நல்லது.

என் பொஞ்சாதி வெர்னாவும் அங்கேருந்து வந்தவதான். பதினேழு வருஷம் டீச்சர். என்னக் கட்டிக்கிட்டு எல்லை தாண்டி வந்தா. அவ கார் லைசன்ஸ் இங்க செல்லுச்சு. எங்க கல்யாணம் செல்லுச்சு. அவ நாய்க்குப் போட்ட ஊசிகூடச் செல்லுச்சுங்க! பாடம் நடத்துற லைசன்ஸ் மட்டும் செல்லாதுன்னுட்டானுங்க. மறுபடி பரீட்சை எழுதி, இன்னொரு டீச்சர்கிட்ட ஒக்காந்து பயிற்சி எடுக்கணுமாம். யாருகிட்ட தெரியுமா? அவகிட்டயே ரெண்டாங்கிளாஸ் படிச்சு, அப்புறம் இந்தப் பக்கம் வந்து வேற ஊர்ல டீச்சரான பொண்ணுகிட்ட. அன்னிக்குச் சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் எனக்கு வெளங்குச்சு, அது சிரிப்பு இல்லன்னு.

இந்த ஜன்னல் வழியாப் பாருங்க. உங்க பள்ளிக்கூடம் தெரியுதா? போயிட்டு வந்தாலும் இந்தக் காபி ஆறாது. அப்ப அங்க டீச்சரே கெடையாது, புள்ளைங்களுக்கு டிவியப் போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தாங்க. இவ என்னடான்னா விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு, எல்லை தாண்டி, பழைய பள்ளிக்கூடத்துக்கே ஓட்டிக்கிட்டுப் போவா. பாதி நாள் ரோட்லயே போயிரும்.

இருங்க, பூட்டுக்குத்தான் வர்றேன்.

இங்க எல்லாரும் கார்ல கம்பளி, மெழுகுவத்தி, ஒரு காலி காபி டப்பா வச்சிருப்போம்ல. புயல்ல மாட்டுனா டப்பாக்குள்ள வத்தியக் கொளுத்திக் குளிர் காஞ்சுக்கிட்டு வண்டிக்குள்ளயே கெடக்கணும். எறங்கி நடந்தா செத்தோம். அத அவதான் வருஷா வருஷம் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுப்பா. அவளே எறங்கிட்டா, டீச்சர். ஒரு நா ராத்திரி புயல்ல திரும்பி வர்றப்ப, வீட்டுக்கு இவ்வளவு கிட்ட வந்து வண்டி பள்ளத்துல சரிஞ்சிருச்சு. கண்ணுக்கு எதுத்தாப்புல ஒரு வெளக்கு தெரிஞ்சா யாருதான் உள்ளயே ஒக்காந்திருப்பா?

இல்ல, எங்க வீட்டு வெளக்கு இல்ல. பனியில இது சுத்தமா மறைஞ்சு போச்சு. அது பள்ளிக்கூட வாசல் வெளக்கு.

அதப் பாத்தே நடந்து, சரியாப் போயும் சேந்துட்டா. படியேறித் தட்டியிருக்கா. பூட்டியிருந்துச்சு. அங்க வேலை பாக்குறவங்களுக்குத்தான சாவி குடுப்பாங்க.

காலையில நான்தான் பாத்தேன். கதவுல சாஞ்சு ஒக்காந்திருந்தா. தட்டித் தட்டிக் கையுறை பிஞ்சிருந்துச்சு.

அட, அழுவாதீங்க டீச்சர், காபியக் குடிங்க. புதுப் பூட்டு வாங்கியாச்சா? நல்லா மாட்டிக்கங்க. புயல் வருதுன்னு ரேடியோல சொன்னா மட்டும் நீங்களே தொறந்து வச்சுட்டுப் போயிருங்க, எனக்கும் அலைச்சல் மிச்சம். இல்லாட்டி கடப்பாரைய வாசல்லயேதான் வச்சிருக்கேன்.