ஏப்ரலில் சரியாக இருந்த கடிகாரம்

இந்த ஊரில் வெள்ளிக்கிழமை மதியம் யாரையும் விசாரணைக்கு அழைக்கக் கூடாது. எதிர்க் கடையில் மீன் வறுவல் இரண்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். நீங்கள் இருவரும் நீதித் துறை வாஷிங்டனிலிருந்து அனுப்பிய அதிகாரிகள், தெரிந்திருக்க நியாயமில்லை. பரவாயில்லை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரிசையாகச் சொல்லத்தான் வரும்.

என் பெயர் இங்க்ரிட் ஹாகன். பதினொரு வருடமாக மத்திய அரசு வழக்கறிஞர். அதற்கு முன் மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம். அதற்கும் முன் ராணுவத்தின் சட்டப் பிரிவில் ஐந்து வருடம். வெளியே வரும்போது கேப்டன். எங்கள் அலுவலக இணையதளத்தில் என் படத்துக்குக் கீழே இதெல்லாம் மூன்று வரியில் இருக்கிறது. படிப்பவர்கள் மூன்று வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே வேலைதான், சம்பளம் கொடுத்தவர்கள் மட்டும் வேறு.

குவைத் முகாமில் ஒரு லாரி சுவரில் மோதி ஒரு சிப்பாய் இறந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் இரண்டு முறை வாயால் சொல்லியிருந்தார். எழுதிக் கொடுக்கவில்லை. ‘பிரேக் பற்றி எழுத்துப்பூர்வமான புகார் எதுவும் இல்லை’ என்று என் அறிக்கையில் எழுதினேன். பாராட்டுப் பத்திரம் தந்தார்கள். கம்பெனியில் இருந்தபோது, எதிர்த்தரப்பு கேட்ட காகிதங்களைத் தொள்ளாயிரம் பெட்டிகளில் அனுப்பினேன். அவர்களுக்கு வேண்டியது அறுநூற்றுப் பதினோராவது பெட்டியில் இருந்தது. இருநூறோடு களைத்துப்போனார்கள். மனிதர்களைப் பற்றிய என் அபிப்பிராயம் அந்த இரண்டு இடங்களில் உருவானது. பிறகு அதை மாற்றிக்கொள்ளும்படி யாரும் நடந்துகொள்ளவில்லை.

இனி வெர்ன் நீமி.

மலைமேல் இருக்கும் மருத்துவமனையில் அவர் மருந்தக உதவியாளர். ஐம்பத்திரண்டு வயது. நவம்பர் இரண்டாம் வாரம், அறுவை சிகிச்சை முடிந்த ஒரு மூதாட்டி ரத்தத்தில் கிருமி ஏறி இறந்தார். வலி மருந்துக் குப்பிகளிலிருந்து யாரோ மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். குப்பிகள் இருந்தது, பின்பக்கத்துச் சிறிய அறையில் உள்ள பூட்டுப் பெட்டியில். அந்தப் பெட்டியைத் திறக்கும் எண் எல்லோருக்கும் தெரியும். திறந்த நேரத்தை மட்டும் அது குறித்துக்கொள்ளும். அறைக் கதவு, யாருடைய அட்டை எப்போது நுழைந்தது என்று தனியாகக் குறித்துக்கொள்ளும். பெட்டி திறந்தது மாலை நான்கு பத்து. கதவில் நீமியின் அட்டை நான்கு எட்டு. வழக்கு அவ்வளவுதான். மெலிந்த வழக்கு.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் நான்கு வருடம் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அரசு கொடுத்த வழக்கறிஞர் வெண்டல் ஸ்ப்ரேக் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அந்த மாதம் அவருக்கு அறுபத்தெட்டு வழக்குகள். ஒவ்வொன்றிலும் களைத்திருந்தார்.

நீமி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். “செய்யாதத செஞ்சேன்னு சொல்ல எனக்கு வாய் வராது, கேப்டன். நானும் ராணுவத்துல நாலு வருஷம் லாரி ஓட்டினவன்தான். உண்மை தெரிஞ்சா நீங்க மறைக்க மாட்டீங்க.”

“வெர்ன், நாலு வருஷம்ங்கறது பரிசு மாதிரிப்பா. வாங்கிக்கோ,” என்றார் ஸ்ப்ரேக்.

“உனக்குப் பரிசுன்னா நீ போய் உக்காரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சீருடை போட்டவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று லாரி ஓட்டியவர்கள் மட்டும்தான் நம்புவார்கள்.

விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆரின் ட்வெய்ட் வந்தார். செவ்வாய்க்கிழமை. இல்லை, புதன். அந்தப் பெட்டிகளைப் பராமரிக்கும் கம்பெனியின் மெக்கானிக். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அறையில் என்னோடு எங்கள் புலனாய்வாளர் பெட்டிட் மட்டும் இருந்தார்.

“மேடம், அந்தப் பெட்டியோட கடிகாரம் தப்பு,” என்றார் ட்வெய்ட். “நாடு பூரா நவம்பர்ல மணிய ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவோம்ல, மார்ச்ல திரும்ப முன்னால. கதவு தானா மாத்திக்கும். அது பழைய பெட்டி, கையாலதான் தள்ளணும். நான் தள்ளல.”

“ஏன்?”

“மான் வேட்டை தொடங்குற வாரம் மேடம். மச்சான் வண்டிய கிளப்பிட்டு நிக்கிறான். அப்புறம் பாத்துக்கலாம்னு போனவன் அடியோட மறந்துட்டேன். இப்ப மார்ச்ல ஒரு மணி நேரம் முன்னால தள்ளலாம்னு போனா, ஏற்கெனவே சரியா நிக்குது. அப்பத்தான் உறைச்சுது. குளிர்காலம் பூரா அது ஒரு மணி நேரம் முன்னால ஓடியிருக்கு.”

பெட்டிட் பேனாவைத் திறந்தார். “மூடி வை,” என்றேன். எங்கள் தொழிலில், சாட்சி சொல்வதைப் புலனாய்வாளர் எழுதினால் அது அறிக்கை. அறிக்கை எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். எழுதாதது வெறும் பேச்சு. பேச்சும் போக வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் பேச்சு போகாமல் நின்றுவிட்டதை யாராலும் காட்ட முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

பெட்டிட் மூடி வைத்தார். இருபது வருட அனுபவம், இரண்டு ஓய்வூதியம், முதுகெலும்பு ஒன்றுகூட இல்லை.

ட்வெய்ட்டிடம் நிதானமாகத்தான் கேட்டேன். “ஒரு அம்மா செத்துருக்காங்க. உங்க வேலைய நீங்க பண்ணலன்னு நீங்களே சொல்றீங்க. இத நான் எழுதிக்கணுமா?”

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மான் சுடத் தைரியம் இருக்கும் ஆள்.

அவர் போனபிறகு கதவுப் பதிவைத் திறந்து ஒரு மணி நேரம் பின்னால் பார்த்தேன். மூன்று எட்டு. மயக்க மருந்து டாக்டர் ஹால்டேனின் அட்டை. அந்த வாரத்தின் மற்ற நாட்களையும் பார்த்தேன். பெட்டி திறந்த ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமும் ஓரிரு நிமிடமும் முன்னால் அவருடைய அட்டை. நீமியின் அட்டை அந்த ஒரு நாள் மட்டும்தான். அந்தப் பதிவை இரண்டாயிரத்து முந்நூறு பக்கமாக ஸ்ப்ரேக்குக்கு முன்பே அனுப்பியிருந்தேன். அவரும் பார்த்திருக்கலாம். எந்தப் பக்கத்தையும் நான் கிழிக்கவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன், காரணம் எளிது. நீமியை விட்டால் கையில் யாரும் இல்லை. கடிகாரம் தவறு என்று நானே சொல்லிவிட்டு, அதே கடிகாரத்தை வைத்து ஊரில் பெயர் பெற்ற ஒரு டாக்டரைப் பிடிக்க முடியாது. அவருக்கு ஸ்ப்ரேக் வரமாட்டார், நல்ல வழக்கறிஞர்கள் நான்கு பேர் வருவார்கள். மாவட்டத் தலைமை வழக்கறிஞர் பதவிக்கு என் பெயர் பட்டியலில் இருந்தது. தோற்ற வழக்கோடு அந்தப் பதவிக்கு யாரும் போனதில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் ஸ்ப்ரேக் நடைபாதையில் என்னை நிறுத்தினார். “இங்க்ரிட், அந்த நேர விஷயத்துல ஏதாவது இருந்தா சொல்லிடுங்க. எனக்கு நெருடலா இருக்கு.”

“எங்ககிட்ட எழுத்துல இருக்கறது அத்தனையும் உங்களுக்குக் குடுத்தாச்சு.”

நன்றி சொன்னார். எந்தப் பக்கம் நெருடுகிறது என்று தேடிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

நான் செய்த வேலை இதுதான். பெட்டி தயாரித்த கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி அந்தக் கடிகாரத்தைச் சோதிக்கச் சொன்னேன். மார்ச்சில் ஊரே மணியை முன்னால் தள்ளியிருந்ததால், யாரும் தொடாத அந்தப் பெட்டி ஊரோடு ஒத்துப்போயிருந்தது. நொடி பிசகாமல் சரியாக இருப்பதாக அவர் சாட்சி சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஜூரிகள் பன்னிரண்டு பேரும் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவராவது ‘நவம்பரில்?’ என்று கேட்பாரா என்று காத்திருந்தேன். மதியச் சாப்பாடு வந்தது, சாப்பிட்டார்கள், நாற்பது நிமிடத்தில் தீர்ப்பு சொன்னார்கள். பதினெட்டு வருடம். நீமி என் பக்கம் திரும்பி, “கேப்டன்?” என்று மட்டும் கேட்டார். கேள்வி முழுமையாக இல்லாததால் நான் பதில் சொல்லவில்லை.

ஹால்டேன் வேலையில் தொடர்ந்தார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பதினான்கு மாதத்தில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இன்னொருத்திக்கு இருபத்தாறு வயது, பிரசவம் முடிந்து நான்காம் நாள்.

பெட்டிட் வந்து கதவைச் சாத்தினார். “அதே தண்ணி, அதே கிருமி, இங்க்ரிட். நீமி உள்ள இருக்கான். இப்ப என்ன பண்றது?”

“ஆஸ்பத்திரியில ஆள் சாகறது புதுசா? ஒனக்கு ஓய்வு எப்ப?”

“ஆகஸ்ட்ல.”

“மீன் பிடிக்கப் போ.”

போனார். ஹால்டேன் மறு வருடம் தன் காரிலேயே ஊசி போட்டுக்கொண்டு இறந்துகிடந்தார். பிரச்சினை தானாகத் தீர்ந்தது என்று நினைத்தேன். பதவியும் வந்தது. இப்போது, தீர்ப்பு வந்து ஆறு வருடம் கழித்து, ட்வெய்ட் மனசாட்சி வந்து உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு பேர் சாவதற்கு முன்னால் வந்திருந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

நீமியின் மனு திங்கள்கிழமை நீதிபதி முன் வருகிறது. என் வாக்குமூலம் இல்லாமல் அது நிற்காது என்று சொல்கிறீர்கள். நிற்காது. ட்வெய்ட் சொன்னது எங்கேயும் எழுத்தில் இல்லை, பெட்டிட் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார். நான் வாயைத் திறக்காவிட்டால் நீமி இன்னும் பன்னிரண்டு வருடம் உள்ளேயே இருப்பார். அதனால் தெளிவாகவே சொல்கிறேன். வெர்ன் நீமி நிரபராதி. விசாரணைக்கு முன்பே எனக்குத் தெரியும். கொன்றது யார் என்றும் தெரியும். தெரிந்தே ஒருவரை உள்ளே அனுப்பினேன், தெரிந்தே இன்னொருவரை வெளியே விட்டேன். அதனால் இரண்டு பேர் செத்தார்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்து இந்த நாற்காலிக்கு வருபவர்கள் படிக்கட்டும். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்ப யாராலும் முடியும். நான் ஒரு நிரபராதியை அனுப்பினேன், நீதிமன்றத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாமல்.