வண்டிப்பாதை வெட்டிய இரண்டு வரப்புகள்

ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், நான், முன் சீட்டில் ஒரு அண்ணன், அவர் தம்பி. பாகம் பிரித்த நிலத்தைப் பதியப் போகிறார்கள்.

"அண்ணே, என் பங்கு போகப்போகக் குறுகுது. ரெண்டு வரப்பும் இணையா இல்ல."

"ஏலே, ரோட்டோரம் அளந்துதானல தந்தேன்?"

"அந்தக் கோடியில அளக்கலையே."

"கருவேல முள்ளுக்குள்ள எவன் போவான்? நீ போனியோ?"

"போகல. சண்டை போடவும் தெம்பில்ல. வண்டிப்பாதை ரெண்டு வரப்பையும் வெட்டுதுல்லா? அங்கன மகளோட கோணமானிய வச்சேன். என் நிலத்துக்குள்ள, முள்ளுக்காட்டப் பாத்த கோணம் ரெண்டையும் கூட்டினா நூத்தியெண்பது வரணும். குறைஞ்சா அந்தப் பக்கம் குறுகுது. சரியா வந்தா இணை. பேசாம கையெழுத்துப் போடுதேன்."

"பெரிய சர்வேயரு! எவ்வளவு வந்துச்சுல?"

"ஒண்ணு நூத்திப்பத்து. மத்தது அறுபத்தாறு."

அண்ணன் விரல்விட்டுக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

நூற்று எழுபத்தாறு.