செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐம்பத்தெட்டு

— யோவ், கைய எடு. ரெண்டு பேரு வெரலும் ஒண்ணா பட்டா போனு யார் பேச்சக் கேக்கும்?

— உன் பேச்சத்தான் கேக்கும். இந்த ஊட்ல வேற யார் பேச்சு எடுபட்டுச்சு, மேரி?

— அப்ப அந்தாண்ட தள்ளி ஒக்காரு. வெளிச்சத்த மறைக்கிற. இன்னாய்யா போனு இது? மூணே மூணு கட்டம். வருகை, வண்டி செக்கு, செக்யூரிட்டிக்குக் காலு. அவ்ளோதான். ஒரு போட்டோகூட பாக்க முடியாதா இதுல?

— கம்பெனி போனும்மா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவனுக்கு இது போதும்னு இந்த மாசந்தான் பூட்டிக் குடுத்துக்கீறாங்க. நானும் பாட்டு கேக்கலாம்னு ஒரு வாரம் தேடினேன். ரேடியோகூட இல்ல.

— கும்மிடிப்பூண்டி பஜார்ல நாலு வருசமா போனு ரிப்பேர் பாக்கறேன். தண்ணில வுழுந்தது, பஸ்ல நசுங்கினது, பொண்டாட்டிக்குத் தெரியாம நம்பரு ஒளிச்சி வெச்சது, எல்லாம் பாத்துட்டேன். இந்த மாதிரி ஒரு ஊமையன நான் பாக்கல.

— டாக்டரம்மாவே கைய விரிச்சிட்டா நோயாளி இன்னா பண்ணுவான்?

— நக்கலா? நாளைக்குப் பத்து மணிக்கு என்கொயரி. பதினோரு வருச வேலை நிக்குமா போவுமான்னு தெரியல. துரைக்குச் சிரிப்பு வேற.

— அழுதா போனு தொறக்கும்னா சொல்லு, அழுவறேன்.

— ஒண்ணும் வேணாம். நான் நோண்டிக்கினு இருக்கேன், நீ நாளைக்கு இன்னா பேசுவன்னு சொல்லிக் காட்டு. நான்தான் மேனேஜரு. வாங்க மிஸ்டர் ஜெரால்ட், ஒக்காருங்க.

— ஒக்காரச் சொல்ல மாட்டாங்க.

— சரி, நில்லுங்க மிஸ்டர் ஜெரால்ட். செவ்வாக்கெழம காலைல இன்னா ஆச்சு?

— நாலாம் நம்பர் வண்டில லோடு எடுத்துக்கினு வந்தேன் சார். பிரேக்கு அடிச்சேன், நிக்கல. அந்தப் பக்கம் அன்புராஜ் பொட்டி அடுக்கிக்கினு இருந்தான். அவன் காலு மாட்டிக்கிச்சு.

— அன்புராஜ் யாரு?

— என் மச்சான் சார். மேனேஜரோட சொந்தத் தம்பி சார்.

— யோவ்!

— நீதான மேனேஜரு? உன் தம்பிதான அவன்?

— எலும்பு மூணா ஒடைஞ்சி ஆஸ்பத்திரில கெடக்கறான் எங்க தம்பி. அத்த வெச்சி வெளையாடுவியா நீ?

— இல்ல மேரி. தப்புதான். நீ கேளு.

— வண்டிய எடுக்கறதுக்கு முன்ன போன்ல செக்கு பேசினீங்களா?

— எட்டு மணிக்குள்ள பேசணும் சார். பிரேக்கு எப்டிகீது, ஆரனு எப்டிகீது, டயரு எப்டிகீதுன்னு வாயால சொல்லணும். பேசாம சாவியத் தொட்டா டிஸ்மிஸ். ரூல் தெரியும் சார்.

— ரூல கேக்கல. அன்னிக்கிப் பேசினியான்னு கேக்கறேன். ஆபீஸ்ல ஒண்ணுமே வந்து சேரலன்றாங்க. அன்னிக்கிது மட்டும் இல்ல, இந்த மாசம் பூரா உன் வண்டிலருந்து ஒரு செக்கும் வரலியாம்.

— எல்லாம் போனுக்குள்ள கீது சார். செவ்வாக்கெழமதும் கீது.

— ஆங், அப்டி நெஞ்ச நிமித்திக்கினு சொல்லு. தரையப் பாத்துக்கினு சொல்லாத. ஏன்யா, அன்னிக்கே இந்தப் போன ஆபீஸ்ல குடுத்திருந்தா அவங்களே தொறந்து பாத்திருப்பாங்கல்ல?

— தம்பிய ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்ப பாக்கெட்லயே தங்கிப் போச்சு. எப்பவும் ஷெட்ல சார்ஜர்ல மாட்டி வெச்சிட்டுத்தான் வருவோம். கம்பெனி கேட்டத் தாண்டி எடுத்துக்கினு வரவே கூடாது. நாளைக்குக் கையோட எடுத்தாந்துருன்னு சொல்லிட்டாங்க.

— நல்லதாப் போச்சு. நாம குடுத்தப்பறம் ‘அது கெட்டுப் போச்சுப்பா, உள்ள ஒண்ணும் இல்ல’ன்னு சொன்னாங்கன்னா நாம இன்னா பண்ண முடியும்? அதுக்கு முன்ன நாம ஒரு காப்பி எடுத்துக்கணும்.

— மொதல்ல எடம் எங்கன்னு கண்டுபுடி. காப்பிய அப்பறம் குடிக்கலாம்.

— ஜோக்கு! செட்டிங்ஸ் மட்டும் இருந்துச்சுன்னா ஏழு தபா தட்டி உள்ள பூந்துடுவேன்.

— ஏழு தபாவா? அது போனா, வேளாங்கண்ணி வேண்டுதலா?

— வாய மூடு. கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தேன், சார்ஜு ஏறுது, வேற ஒண்ணும் காட்டல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், அதே மூணு கட்டம். உன் கம்பெனில எவனோ நல்லா படிச்சவன்தான் இத்தப் பூட்டிக்கீறான்.

— உன்னவிடவா?

— ஐஸ் வெக்காத. இரு இரு இரு... வண்டி செக்குக்குள்ள கீழ ‘படம் சேர்’னு ஒண்ணு கீதே, இத அமுக்கிக்கீறியா நீ?

— இல்லியே. வாயால சொன்னா போதும்னாங்க. படம் எடுத்து நான் இன்னா கண்காட்சியா வெக்கப் போறேன்?

— அமுக்கிப் பாக்கறேன். படம் எங்கருந்து எடுக்கறதுன்னு அது கேட்டுத்தான ஆவணும்... ஐயோ சேசுவே! கேக்குது பாரு! யோவ், வாசக்கதவ நல்லா பூட்டிட்டு ஜன்னலத் தொறந்து வெச்சிட்டுப் போய்க்கீறான்யா உன் படிச்சவன்!

— இது இன்னா, வெறும் காலியாகீது?

— காலி இல்ல. மேல மூணு புள்ளி கீது பாரு, அதுல ‘மறைத்தவற்றைக் காட்டு’. தட்டியாச்சு. இப்ப பாரு.

— யம்மாடி! எத்தினி! இதெல்லாம் இத்தினி நாளு எங்க இருந்துச்சு?

— இங்கயேதான். ஃபோல்டரு பேருக்கு முன்ன ஒரு புள்ளி வெச்சிட்டா போனு அத்த யார் கண்ணுலயும் காட்டாது.

— அவ்ளோதானா? உங்கம்மா வர்றச்சொல்ல எனக்கும் ஒரு புள்ளி வெச்சி வுடேன்.

— உனக்குப் புள்ளி பத்தாது. தார்ப்பாய் போட்டு மூடணும்.

— சரி டாக்டரம்மா, என் வண்டி எதுல கீது?

— தோ. நாலாம் நம்பரு. தேதி போட்டு வரிசையா இருபத்திமூணு கீது. எல்லாத்துலயும் ஒத்த டிக்கு. ஒத்த டிக்குன்னா போன்ல சேந்துச்சுன்னு அர்த்தம், ஆபீசுக்குப் போவல. ரெண்டு டிக்கு வந்தாத்தான் போச்சு. வாட்ஸாப்ல பாக்கறல்ல, அதே கததான்.

— பச்சையா ஒண்ணு வந்துச்சு, நான் போச்சுன்னு நெனச்சிக்கினேன்.

— நெனச்சிக்குவ. கம்பெனி வைஃபைல மட்டுந்தான் போவும்னு எழுதிக்கீது. உங்க தகர ஷெட்ல வைஃபை ஏது? ஆபீஸ்லதான் கீது. ஆக, யாரும் எதையும் ஒளிக்கல. இருபத்திமூணு நாளா வாசப்படி தாண்டாம உள்ளயே ஒக்காந்துக்கினு கீது. மொத நாளுது போடறேன், கேளு.

— “வணக்கம். இது வண்டி எண் நான்கு. ஓட்டுநர் பெயர் ஜெரால்ட். பிரேக் சற்று தாமதமாகப் பிடிக்கிறது. பார்க்கவும். நன்றி, வணக்கம்.”

— யாருய்யா இது? ரேடியோல செய்தி வாசிக்கிறவரா?

— மொத நாளு. கொஞ்சம் படபடப்பு.

— பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்தத் தமிழு வரல உன் வாயில. இன்னொண்ணு போடறேன். இது ஒம்பதாவது.

— வேணாம் மேரி, ஒண்ணு கேட்டா எல்லாம் கேட்ட மாதிரிதான். எல்லாம் அதே பிரேக்கு, அதே டயரு.

— “நாலாம் நம்பரு. நாந்தான். பிரேக்கு நேத்து மாதிரியேதான். நிக்கச் சொன்னா நிக்க மாட்டேன்னுது, எங்கூட்டம்மா வாய் மாதிரி. ஆரனு ஓகே. டயரு ஓகே.”

— அது வந்து மேரி...

— ஆபீசுக்கு அனுப்பறதுல என் வாயா?

— ஆபீசுக்குத்தான் போவலியே! இப்பதான நீயே சொன்ன?

— போயிருந்தா? அந்த மேனேஜரு மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? இரு, இந்த என்கொயரி முடியட்டும். அப்பறம் இந்த ஊட்ல ஒரு என்கொயரி கீது உனக்கு.

— அதுலயாவது ஒக்காரச் சொல்வியா?

— முட்டி போடச் சொல்வேன். ஏன்யா, தெனிக்கும் பிரேக்கு சரியில்ல, சரியில்லன்னு சொல்லிக்கீறியே, அப்பறம் எதுக்கு அந்தப் பாழாப்போன வண்டிய ஓட்டின?

— சூப்பர்வைசர்கிட்ட நேராவும் சொன்னேன். நாளைக்கு மெக்கானிக் வருவான், நீ ஓட்டுன்னாரு. மறுநாளும் அதே நாளைக்குதான். வண்டி நின்னா என்னையும் நில்லுன்னுடுவாங்களோன்னு பயம். அந்தத் தப்பு என்னுதுதான் மேரி. அத்த நான் யார் மேலயும் போட மாட்டேன்.

— சரி வுடு, மூஞ்சத் தூக்காத. இந்த இருபத்திமூணும் போதும், கம்பெனி வாயே தொறக்க முடியாது. இன்னொண்ணு சொல்லட்டா? இத நாம எடுக்கக்கூட வேணாம் போலக்கீது. நாளைக்கு நீ ஆபீசுக்குள்ள கால வெச்ச ஒடனே வைஃபை கெடச்சி எல்லாம் தானா பூடும்.

— தானாவா?

— தானா. ஏன்யா, நல்ல சேதிதான சொன்னேன்? பேயறைஞ்ச மாதிரி ஆயிட்ட?

— ஒண்ணும் இல்ல. டீ ஆறிப் போச்சு. செவ்வாக்கெழமது கீதான்னு மட்டும் பாரு.

— அதான் முக்கியம். அது இருந்தா நீ செக்கு பேசிட்டுத்தான் சாவியத் தொட்டன்னு ஆயிடும், வேலை போவாது. இரு... கீது, கீது! ஏழு அம்பத்தெட்டு! தப்பிச்சடா சாமி, எட்டு அடிக்க ரெண்டு நிமிசம்... யோவ்.

— இன்னா?

— அன்னிக்கி நீ ஏழே கால் ரயில வுட்டுட்டல்ல?

— அதெல்லாம் எதுக்கு இப்போ?

— வுட்டுட்ட. நான் கோச்சிக்கினு நாஷ்டா பண்ணல. நீ ஸ்டேஷன் வரிக்கும் போய்ட்டு, திரும்பி பூரி வாங்கினு வந்து வாசல்ல நின்ன. ‘தின்னுட்டு திட்டு’ன்ன. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்பறம் ஓடின. ஏழு அம்பத்தெட்டுக்கு நீ நம்ம ஆரம்பாக்கம் பிளாட்பாரத்துலதான நின்னுக்கினு இருந்திருப்ப? ஷெட்ல இருந்த போன்ல எப்டிப் பேசின?

— போடாத மேரி. எடம் தெரிஞ்சிடுச்சுல்ல, போதும்.

— போட்டுட்டேன்.

— “நாலாம் நம்பர் வண்டி. டிரைவர் ஜெரால்ட். பிரேக்கு ஓகே. ஆரனு ஓகே. டயரு ஓகே. எல்லாம் ஓகே சார்.”

— இது நீ இல்ல.

— ம்.

— தொண்டையக் கட்டிக்கினு உன்ன மாதிரி பேசறான். இது அன்பு. எங்க தம்பி.

— எட்டு மணி தாண்டினா எனக்கு அரை நாள் சம்பளம் போயிடும்ல. மாமா எப்டியும் வந்துடுவாருன்னு பேசிட்டான். பிரேக்கு சரியில்லன்னு சொன்னா எதனா கேள்வி வரும்னு எல்லாம் ஓகேன்னுட்டான்.

— பைத்தியக்காரன். ஐயோ, பைத்தியக்காரன்! இது அவங்க காதுல வுழுந்தா இன்னா ஆவும்? அடிபட்டவனே பிரேக்கு நல்லாகீதுன்னு பொய் சொல்லிக்கீறான்னு நஷ்ட ஈடு ஒரு பைசா தர மாட்டாங்க. வேலையும் போவும். கால வெச்சிக்கினு அவன் எங்க போவான்?

— ம்.

— ஆனா இது இல்லன்னா நீ செக்கே பேசாம சாவியத் தொட்டன்னு ஆவும். டிஸ்மிஸ். குடுத்தா அவன், குடுக்காட்டி நீ. மாதாவே, நான் எவன வுட்டுக் குடுப்பேன்? ம், ம்னே சொல்லிக்கினு கீறியே, எதனா பேசேன்யா! உனக்கு... உனக்கு இது முன்னாடியே தெரியுமா?

— ஆம்புலன்ஸ்லயே சொல்லிட்டான். கால் வலில அழுவறானா இதுக்கு அழுவறானான்னு எனக்கே புரியல.

— அப்ப மதியத்துலருந்து எதுக்குய்யா என்ன ஒக்கார வெச்சி இத்தத் தொறக்கச் சொன்ன?

— எடுக்கறதுக்கு இல்ல மேரி. மத்த இருபத்திரெண்டும் இருக்கட்டும், செக்கு பேசாம நாந்தான் வண்டிய எடுத்தேன்னு நாளைக்குச் சொல்லிக்கிறேன். இந்த ஒண்ண அழிக்க எங்க தட்டணும்னு காட்டு.