செனட்டர் தோளில் போட்ட பொன்னாடை

எடிசனிலிருந்து மன்ஹாட்டன் போகும் காலை ரயில். செனட்டர் மறுபடியும் நிற்கும் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். எனக்கு முன் சீட்டில் டை கட்டிய இரண்டு தமிழர்கள். பெரியவர் உள்ளூர்ப் பேப்பரைப் பிரித்து, அதிலிருந்த ஒரு போட்டோவை மற்றவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“நம்ம சங்க விழாவுல செனட்டருக்கு நான் போட்ட பொன்னாடைய, எதுக்குய்யா அவரை எதிர்த்து நிக்கிற ஆளுக்குப் போட்டே?”

“பொன்னாடை எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்.”

“கதை விடாதே. என் ஒய்ஃப் ஊர்லேர்ந்து வாங்கிட்டு வந்த பச்சை பார்டர் அது. நீ தமிழ்ச் சங்கத்துக்கு செக்ரட்டரியா, இல்ல ரெண்டு கட்சிக்கும் புரோக்கரா?”

“மெதுவா பேசுங்க சார், எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்! எங்கம்மாவுக்கு ரெண்டு தடவை விசா ரிஜெக்ட் ஆயிருக்கு. பொன்னாடை போடும்போதுதான் அவர் காதுல சொன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டு ‘நான் பாத்துக்கறேன்’னார். இந்த போட்டோவை அவர் ஆபீஸ்ல பாத்தா, இனிமே எனக்கு ஹெல்ப் பண்ணுவாங்களா?”

செக்ரட்டரிக்கும் கோபம் வந்துவிட்டது.

“சும்மா கத்தாதீங்க. நான் ஒண்ணும் அவர் தோள்லேர்ந்து உருவல. கிளம்பும்போது அவரே கழட்டி, ஹால் வாசல்ல இருந்த சேர்ல போட்டுட்டுப் போயிட்டார். அதை என்ன, குப்பையில போடச் சொல்றீங்களா?”

பேப்பர் மடியில் இறங்கியது.

“போட்டுட்டுப் போயிட்டாரா? அப்ப எங்கம்மா விஷயம்?”

“அதையும் அதே சேர்லதான் போட்டுட்டுப் போயிருப்பார்.”